போர்வெல் குழிக்கு ஒன்று, ஓலைக் குவியலுக்கு ஒன்று

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாத இரவு. ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பின் மோட்டார் அறையில் உட்கார்ந்து சின்னஞ்சிறு சர்க்யூட் அட்டை ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வெல்லில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் அதைக் கண்டுபிடித்து நிறுத்தும் அட்டை அது. அதில் ஒரு ரெசிஸ்டரின் கால் ஒடிந்திருந்தது. அறையின் பல்பு எரியவில்லை. டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு ரெசிஸ்டரின் நிற வளையங்களைப் படித்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அதாவது 2.2 கிலோ ஓம். பெட்டியில் ஒன்று இருந்தது, எடுத்துப் பற்றவைத்துவிட்டேன்.

பொத்தானை அழுத்தியதும் மோட்டார் எடுத்தது. ஒரு நொடியில் நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி நின்றது. குழாயில் தண்ணீர் ஏறி வருவதற்குள் அட்டை முந்திக்கொண்டு நிறுத்தியது. ஒயர்களை எல்லாம் கழற்றிப் பூட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வாரம் இரவில்தான் மும்முனை மின்சாரம் வந்துகொண்டிருந்தது. அன்றைய முறை முழுவதும் அப்படியே போய்விட்டது. விடிந்ததும், கழற்றிப் போட்ட பழைய ரெசிஸ்டரை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது வளையம் சிவப்பு இல்லை, ஆரஞ்சு. 22 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் அதில் பத்தில் ஒரு பங்கைப் போட்டிருக்கிறேன். அட்டை காத்திருக்கும் நேரமும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

டார்ச்சில் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. பத்தடி தள்ளியிருந்த சுவர்ப் பல்லி வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் அந்த வெளிச்சத்துக்குள் சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்துக் காட்டும் சரக்கு இல்லை. டார்ச்சுக்குள் ஒளி தரும் எல்.இ.டி.யான எமிட்டர்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று காலை வந்தது.

பொள்ளாச்சியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் வேலையில் பாதி இரவில்தான் நடக்கிறது. பட்டறை அலமாரியில் இப்போது ஏழு டார்ச்சுகள் இருக்கின்றன, அவற்றில் ஐந்துக்கு எமிட்டரை நானே மாற்றியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை லூமன்?", அதாவது மொத்தம் எத்தனை ஒளி, என்பதுதான். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் எந்த எமிட்டரையும் நல்லது என்றோ கெட்டது என்றோ என்னால் சொல்ல முடியாது.

முதலில் அந்த ஆரஞ்சு வளையம் ஏன் சிவப்பாகத் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை எல்.இ.டி.க்குள் வெள்ளையாக எரியும் பொருள் எதுவும் இல்லை. உள்ளே இருப்பது நீலச் சில்லு. அதன் மேல் மஞ்சள் ஒளிரும் பொடியைப் பூசியிருக்கிறார்கள். நீலத்தில் ஒரு பகுதியை அந்தப் பொடி விழுங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீலச் சில்லை நல்ல பிரகாசத்தோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் தொக்குஷிமா மாவட்டத்தில் உள்ள நிச்சியா நிறுவனம், 1993இல். அங்கே அதை உருவாக்கிய ஷூஜி நாகமுராவுக்கும், அதே துறையில் உழைத்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ இருவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1996இல் மஞ்சள் பொடி பூசிய வெள்ளை எல்.இ.டி.யும் அதே நிச்சியாவிலிருந்துதான் வந்தது.

நீலமும் மஞ்சளும் சேர்ந்த அந்த வெள்ளையில் அடர்சிவப்பு மிகவும் சொற்பம். சிவப்பு இல்லாத ஒளியை ஒரு சிவப்புப் பொருள்மேல் அடித்தால் அது எதைத் திருப்பி அனுப்பும்? மங்கலாக, பழுப்பாக நிற்கும். ஓர் ஒளி நிறங்களை எத்தனை சரியாகக் காட்டுகிறது என்று அளக்க சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. வெயிலுக்கு 100. நீலம் தூக்கலான சாதாரணக் குளிர்வெள்ளை எமிட்டருக்கு 70 அளவில் இருக்கும். அந்த எண்ணிலும் ஒரு குறை இருக்கிறது. எட்டு வெளிறிய நிறங்களின் சராசரிதான் அது. அடர்சிவப்பு ஒன்பதாவது மாதிரி, அது சராசரியில் சேராது. அதனால் நான் வாங்கும்போது சி.ஆர்.ஐ.யோடு ஆர்9 என்ற எண்ணையும் தேடிப் பார்க்கிறேன்.

சிவப்புப் பொடியையும் சேர்த்துப் பூசினால் குறை தீர்ந்துவிடுமே என்று தோன்றும். பூசத்தான் செய்கிறார்கள். ஆனால் லூமன் என்பது மனிதக் கண்ணின் கூருணர்வை வைத்து எடுக்கும் கணக்கு. நம் கண் பகலில் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டர் பச்சையை. அடர்சிவப்பை மிகக் குறைவாகவே உணர்கிறது. ஆகவே சிவப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு வாட்டும் லூமன் கணக்கில் குறைவாகவே பதிவாகும். பெட்டியின் மேல் பெரிய எண்ணை அச்சிட விரும்புகிறவர் சிவப்பைத்தான் முதலில் வெட்டுவார். லேசான பச்சைச் சாயலும் அவருக்கு லாபமே. பல டார்ச்சுகளின் வெளிச்சம் ஏன் அல்லிக்குளத்துத் தண்ணீர் போலப் பச்சை பாய்ந்து தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

நான் அளக்கும் முறை எளிமையானது. பட்டறைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீளமான கிடங்கு ஒன்று இருக்கிறது. ஒரு முனையில், தன்மேல் விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டர், சரியாக 5 மீட்டர் தள்ளி டார்ச். செல்லை முழுதாகச் சார்ஜ் செய்து, டார்ச்சைப் போட்டு 30 நொடி கழித்து மீட்டரைப் படிப்பேன். போட்டவுடன் படித்தால் எண் கூடுதலாக வரும், ஆனால் அது நிலைக்காது. படித்த லக்ஸை தூரத்தின் வர்க்கமான 25ஆல் பெருக்கினால், ஒளிக்கற்றையின் செறிவைச் சொல்லும் கேண்டெலா. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், ஒளி எத்தனை மீட்டரில் 0.25 லக்ஸாகக் குறையும் என்று தெரிந்துவிடும். 0.25 லக்ஸ் ஏறத்தாழப் பௌர்ணமி நிலவின் வெளிச்சம். பெட்டியில் "எட்டும் தூரம்" என்று போடுவது இந்தக் கணக்கைத்தான். அந்தத் தூரத்தில் ஆள் நிற்பது தெரியலாம், யார் என்று தெரியாது. நான் எப்போதும் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலைக்கான தூரமாக எடுத்துக்கொள்கிறேன்.

மொத்த ஒளியை ஒப்பிட, சின்ன அறையில் டார்ச்சைக் கூரை நோக்கி நிறுத்தி, தரையில் மீட்டரை வைத்துப் படிப்பேன். லூமன் இத்தனை என்று அதில் சொல்ல முடியாது. இதைவிட அது எத்தனை மடங்கு என்று சொல்லலாம். எனக்கு அது போதும்.

ஒரே மாதிரியான மூன்று உடல்களை எடுத்துக்கொண்டேன். மூன்றிலும் ஒரே அளவு ரிஃப்ளெக்டர், ஒரே வகை செல். மாறியது எமிட்டரும் அதற்கேற்ப மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டும் மட்டும்.

முதலாவது கிரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல்2. என் முதல் நல்ல டார்ச்சில் இருந்தது இதுதான். 2010இல் வந்த எக்ஸ்எம்-எல்லின் தம்பி. அந்தக் காலத்தில் ஒரே சில்லில் ஆயிரம் லூமன் என்பது நம்ப முடியாத செய்தி. 5 மீட்டரில் எனக்கு 1,300 லக்ஸ் வந்தது. கணக்கிட்டால் 360 மீட்டர். உழைப்பாளி எமிட்டர், ஐந்தாறு ஆண்டுகள் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. ஆனால் இன்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பச்சை தெரிகிறது. அந்த ரெசிஸ்டர் இரவில் வாயில் இருந்ததும் இதுவே.

இரண்டாவது லூமினஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்டி-40. 4 சதுர மில்லிமீட்டர் சில்லு, 6500 கெல்வின் குளிர்வெள்ளை (இந்த எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). 5 ஆம்பியர் கொடுத்தேன். மீட்டர் 2,100 காட்டியது, அதாவது 458 மீட்டர். மொத்த ஒளியில் மூன்றிலும் இதுதான் முதலிடம். தோப்பின் ஒரு வரிசையை முழுதாக நிரப்பிவிடுகிறது. ஆனால் 5 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 17 வாட். அதில் பெரும்பகுதி வெப்பம். நீர்மூழ்கி மோட்டார் எத்தனை குதிரைத்திறனாக இருந்தாலும் சுற்றிலும் தண்ணீர் ஓடினால்தான் பிழைக்கும். அதுபோல இந்தச் சில்லுக்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ள உலோகம் வேண்டும். கை அளவு அலுமினியக் குழாயில் எத்தனை வெப்பத்தை ஒளிக்க முடியும்? மூன்று நிமிடத்தில் பிடிக்கக் கை கூசியது, மீட்டர் 1,600க்கு இறங்கிவிட்டது. சூடேறச் சூடேறச் சில்லு தரும் ஒளி குறையும். செல்லின் மின்னழுத்தமும் கூடவே இறங்கும். அதிகபட்ச வெளிச்சத்தில் இத்தனை மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போடுகிறவர்கள் இந்த இறக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்எம்-எல்2க்கும் எஸ்எஸ்டி-40க்கும் கூரைச் சோதனையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். கண்ணுக்கு அது இரண்டு மடங்காகத் தெரியவில்லை. கொஞ்சம் கூடுதல் என்றுதான் என் மகள் சொன்னாள். கண் அப்படித்தான். இரு மடங்கு பிரகாசமாக உணர ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி வேண்டும். 1,000 லூமனுக்கும் 1,200 லூமனுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பணம் செலவழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது ஓஸ்ராமின் ஒயிட் ஃபிளாட். இதைப் பற்றித்தான் விரிவாக எழுத ஆசை.

இதன் ஒளிரும் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர்தான். எள்ளைவிடச் சிறியது. மற்ற எமிட்டர்களின் தலையில் இருக்கும் சிலிகோன் குவிமாடம் இதில் இல்லை, மொட்டையாகத் தட்டையாக இருக்கும். கூரைச் சோதனையில் எஸ்எஸ்டி-40ஐ 100 என்று வைத்தால் இது 42தான் வந்தது. பாதிகூட இல்லை. அதே டார்ச்சை லக்ஸ் மீட்டருக்கு முன், 5 மீட்டர் தள்ளி வைத்தேன். 4,900 லக்ஸ். கேண்டெலா 1,22,500. சரியாக 700 மீட்டர். பாதி ஒளியை வைத்துக்கொண்டு ஒன்றரை மடங்கு தூரம்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ரிஃப்ளெக்டர் செய்வது சில்லின் உருவத்தைப் பெரிதாக்கித் தூரத்தில் வீசுவதைத்தான். சில்லு சிறியதாக இருந்தால் வீசப்படும் வட்டமும் சிறியது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை ஒளி என்பதுதான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. மொத்தம் எத்தனை என்பதற்கு அங்கே வேலை இல்லை. வாய்க்காலில் நிறையத் தண்ணீர் போகும், ஆனால் பீய்ச்சாது. விரலால் குழாய் வாயை அடைத்தால் கொஞ்சத் தண்ணீர் எதிர்ச் சுவர் வரை போகும்.

எனக்கு இது தேவைப்பட்ட இடம் போர்வெல் குழி. எங்கள் பக்கம் ஆறரை அங்குலக் குழி, அதாவது பதினாறரை சென்டிமீட்டர். மேலே கொஞ்ச ஆழத்துக்குக் கேசிங் பைப், பிறகு வெறும் பாறை. பகலாக இருந்தால் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் குழிக்குள் இறக்குவோம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று எங்கள் வண்டியில் எப்போதும் இருக்கும். வெயிலைப் போல நேரான ஒளி வேறு கிடையாது, நூறடி இருநூறடி ஆழத்தில் தண்ணீர் பளபளப்பது தெரியும். இரவில் என்ன செய்வது?

போன மாசியில் ஒரு தோட்டத்தில் மோட்டாரை மேலே எடுத்துக்கொண்டிருந்தோம். இருபதடி ஜி.ஐ. பைப்புகள். ஐந்து பைப்பைக் கழற்றிவிட்டோம். ஆறாவதன் இணைப்பில் மரை தேய்ந்து, பிடுங்கிக்கொண்டு கீழே போய்விட்டது. கயிறும் அறுந்தது. ஆனால் சத்தம் பாதியில் நின்றுவிட்டது. அடி வரைக்கும் விழவில்லை, எங்கோ பாறைத் திருப்பத்தில் சிக்கி நிற்கிறது என்று புரிந்தது. பைப்பின் வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் கொக்கியை இறக்கினால் இன்னும் கீழே தள்ளிவிடுவோம். அப்போது இரவு ஒன்பது மணி.

முதலில் எஸ்எஸ்டி-40ஐப் பிடித்தேன். கேசிங் பைப்பின் உட்சுவர் முழுவதும் வெள்ளை வெளேரென்று எரிந்தது. குழிக்குள் இருந்த ஈரக்காற்றில் ஒளி பட்டுப் புகைபோலத் திரும்பியது. முப்பதடிக்குக் கீழே ஒன்றும் இல்லை. பக்கத்துச் சுவர் அத்தனை பிரகாசமாக இருந்தால் கண் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. ஆழத்திலிருந்து வரும் மெல்லிய ஒளிக்கு அங்கே இடமே இல்லை. பிறகு ஓஸ்ராம். இதன் வட்டமும் அத்தனை ஆழத்தில் பதினாறு சென்டிமீட்டருக்குள் அடங்காதுதான், ஆனால் நடுவில் இருக்கும் ஒளிக்கும் ஓரத்தில் சிந்தும் ஒளிக்கும் உள்ள விகிதம் வேறு. போதாக்குறைக்கு, ஒன்றரை அடி நீளப் பி.வி.சி. பைப் ஒன்றை உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து டார்ச்சின் தலையில் செருகிவைத்திருக்கிறேன். சிந்தும் ஒளியை அது விழுங்கிவிடும். கண்ணைப் பைப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு குனிந்தேன். நூற்று முப்பதடி போல இருக்கும். பைப்பின் வாய் ஒரு சிறு வளையமாக, கிழக்குச் சுவரில் சாய்ந்துகொண்டு தெரிந்தது. கேபிள் அதைச் சுற்றி ஒரு முறை சுருண்டிருந்தது. அந்தச் சுருளைப் பார்த்த நிமிடம் என் உடம்பு சிலிர்த்தது. கொக்கியை எந்தப் பக்கமாக இறக்குவது என்று தெரிந்துவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் மேலே வந்தது.

அதற்காக ஓஸ்ராமைக் கையில் பிடித்துத் தோப்பில் நடக்க முடியுமா? முடியாது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் இருட்டு. கால் வைக்கும் இடமே தெரியாது.

கால் வைக்கும் இடத்துக்கு நிச்சியா 519ஏ. மூன்றரை மில்லிமீட்டர் சதுரம், குவிமாடம் உண்டு, நான் வாங்கியது 4500 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல். சின்னக் குழாய் உடலில், வழவழப்பு இல்லாத ஆரஞ்சுத் தோல் ரிஃப்ளெக்டரோடு போட்டிருக்கிறேன். தூரம் நூற்றைம்பது மீட்டரைத் தாண்டாது. ஒளி காலை எட்டு மணி வெயில் போல இருக்கும். பச்சை இல்லை, மிக மெல்லிய ரோஜாச் சாயல் உண்டு.

போன ஐப்பசியில் சித்தப்பாவின் தோப்புக்குப் போயிருந்தேன். மலையடிவாரம். இரவு பதினொரு மணிக்குச் சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டிலிருந்து) மோட்டார் அறைக்கு நடந்தோம். சித்தப்பா கையில் நான் முன்பு கொடுத்திருந்த எஸ்எஸ்டி-40, என் கையில் 519ஏ. வழியில் காய்ந்த மட்டையும் பன்னாடையும் ஓலையும் ஒதுக்கி வைத்த குவியல். சித்தப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய வெளிச்சம் விழுந்த இடம் முழுவதும் ஒரே வெளிறிய சாம்பல். நான் டார்ச்சை அவருடைய காலுக்குப் பக்கத்தில் திருப்பியபோது சாம்பலுக்குள்ளிருந்து ஒரு சங்கிலி எழுந்து வந்தது. கறுப்பு விளிம்பு கட்டிய செம்பழுப்பு வட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. கண்ணாடி விரியன். சித்தப்பாவின் பாதத்துக்கும் அதற்கும் இரண்டு முழம் இருக்கும்.

"சித்தப்பா, அப்படியே நில்லுங்கள்" என்றேன். அவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே, "எந்தப் பக்கம், கண்ணு?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். வலது காலைப் பின்னால் வைத்து, ஒவ்வோர் அடியாக என்னிடம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் அது குக்கர் ஆவி போலச் சீறியது.

இருபதடி தள்ளி நின்றோம். அது நகரவில்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் இரண்டு டார்ச்சையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். எஸ்எஸ்டி-40இல் மூன்று மடங்கு வெளிச்சம். பாம்பு இருக்கும் இடம் தெரிந்த பிறகும் அதன் முதுகு ஓலையோடு ஓலையாகக் கரைந்துகொண்டே இருந்தது. 519ஏயில் ஒவ்வொரு வட்டமும் தனித்தனியாக நின்றது. காய்ந்த ஓலையின் மஞ்சள் கலந்த பழுப்பு வேறு, விரியனின் செம்பழுப்பு வேறு. பகலில் இது குழந்தைக்கும் தெரியும். சிவப்பில்லாத ஒளியில் இரண்டும் ஒன்று. கட்டுவிரியன் என்றால் கறுப்பில் வெள்ளைப் பட்டை, எந்த வெளிச்சத்திலும் தெரிந்துவிடும். கண்ணாடி விரியனுக்குச் சிவப்பு வேண்டும். தென்னந்தோப்பில் இரவில் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் இதை நான் கைப்பிடித்துச் சொல்வேன்.

பட்டறை வேலையிலும் 519ஏதான் என் கண். எரிந்துபோன மோட்டாரைத் திறந்ததும் சுருள்களின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகளில், ஸ்டார் இணைப்பில் ஒரு ஃபேஸ் போய்விட்டு ஓடியிருந்தால் இரண்டு ஃபேஸ் சுருள்கள் கருகும், ஒன்று புதிதாக இருக்கும். டெல்டாவில் ஒன்று மட்டும் கருகும். முழுக்கக் கருகியதைக் கண்டுபிடிக்க டார்ச்சே வேண்டாம். பாதி வெந்த எனாமல்தான் சிக்கல். நல்ல செம்புக் கம்பியின் செம்மைக்கும் சூடு தின்ற கம்பியின் இருண்ட பழுப்புக்கும் இடையே ஒரு படி இருக்கிறது. அந்தப் படி குளிர்வெள்ளையில் காணாமல் போய்விடும்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. தலையில் கட்டும் விளக்கில் சாம்சங் எல்எச்351டி போட்டிருக்கிறேன், 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90. 519ஏயைவிடக் குறைந்த மின்சாரத்தில் கூடுதல் ஒளி தருகிறது, சாயல்தான் கொஞ்சம் பச்சை. மணிக்கணக்கில் எரிய வேண்டிய இடத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கிரீ எக்ஸ்எச்பி70.2 உள்ள டார்ச் ஒன்றை ஒரு மாதம் வைத்திருந்தேன். கொட்டிக் கவிழ்த்த மாதிரி வெளிச்சம். ஆனால் வட்டத்தின் நடுவில் ஒரு நிறம், விளிம்பில் மஞ்சள் வளையம் இன்னொரு நிறம். கண் அதிலேயே போய் நின்றது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் லூமினஸ் எஸ்பிடி-90.2 இருக்கிறது. 9 சதுர மில்லிமீட்டர் சில்லு, 20 ஆம்பியருக்கு மேல் விழுங்கும், சோடா பாட்டில் பருமனில் உடல். எதிர் மலைச்சரிவில் தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. பார்க்கப் பிரமிப்புதான். ஆனால் அன்று மூடுபனி இறங்கியதும் அத்தனை ஒளியும் வெள்ளைச் சுவராக முகத்துக்கே திரும்பியது. என் சின்ன 519ஏயை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் குடியிருப்பு வரை நடந்தோம். பனியில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கவே கூடாது. கீழே பிடித்தால் திரும்பும் ஒளி கண்ணுக்கு நேராக வராது.

எமிட்டர் மாற்றுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: பட்டறையில் அதற்கென்று ஒரு பழைய இரும்புத் தோசைக்கல் வைத்திருக்கிறேன். ஈயம் படுவதால் அது சமையலறைக்குத் திரும்பவே கூடாது. எமிட்டர் உட்காரும் செம்புத் தட்டை அதன் மேல் வைத்து, ஈயப்பசையைக் குண்டூசித் தலையளவு வைத்து, அடுப்பை மெல்ல எரியவிட வேண்டும். 63க்கு 37 கலவை 183 டிகிரியில் உருகும். சாம்பல் நிறப் பசை சட்டென்று பாதரசம் போல மின்னும். அந்த நொடியில் சிமிட்டாவால் எமிட்டரை மேலே வைத்தால், அது தானாகவே ஒரு சின்ன நடனம் ஆடித் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. ஓரத்தில் லேசாகத் தட்டி அதிகப்படி ஈயத்தை வெளியேற்றிவிட்டு, தட்டை ஆடாமல் நகர்த்தி இறக்க வேண்டும். 519ஏயின் குவிமாடம் மெத்தென்றிருக்கும், அழுத்தினால் பிய்ந்துவிடும். ஓஸ்ராமின் தலையைத் தொடவே கூடாது, பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். அதற்கு 3 மில்லிமீட்டர் அளவுக்கான தனித் தட்டு வேண்டும், மற்றவற்றின் தட்டில் சரியாக உட்காராது. தட்டு செம்பாகவும், எமிட்டரின் வெப்பத் தளம் நேராகச் செம்பைத் தொடும் வகையாகவும் இருக்கட்டும். இடையில் காப்புப் படலம் உள்ள அலுமினியத் தட்டில் 5 ஆம்பியர் கொடுத்து ஓர் எமிட்டரை நீலமாக எரியவிட்டுக் கொன்றிருக்கிறேன். பொடி கருகினால் உள்ளே இருக்கும் நீலம் வெளியே வந்துவிடும்.

செல்லையும் பார்த்து வாங்குங்கள். நல்ல 18650 அளவு லித்தியம் செல்லில் 3,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும். 9,900 என்று அச்சிட்ட ஒன்றை ஒரு கடையில் வாங்கி அளந்தேன், 1,000கூடத் தேறவில்லை. எடையும் கையில் பிடித்தாலே குறைவு. இப்படிப்பட்ட செல்லில் 5 ஆம்பியர் இழுப்பது ஆபத்து.

சித்தப்பா இப்போது என் 519ஏயைத் தனக்கு வேண்டும் என்கிறார். தை மாதம் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு குளிர்வெள்ளை ஒளி ஊசி போலக் குத்துகிறது என்கிறார். மஞ்சளித்த பழைய லென்ஸ் போய்த் தெளிவான லென்ஸ் வந்தால் நீலம் கூடுதலாகத் தெரியும், அவர் சொல்வது சரிதான். ஆகவே அவருக்கு 4500 வேண்டாம், 4000 கெல்வின் போடலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். டிரைவரில் 3 ஆம்பியருக்கு மேல் போகாதபடி குறைத்துவிட்டேன். பெரிய சுவிட்ச் வேண்டும், இருட்டில் தடவினால் விரலுக்குப் படவேண்டும் என்று நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை தோசைக்கல்லைச் சூடேற்ற வேண்டும்.